பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால்

ஊதாரிப் பிள்ளையைப் பன்றித் தொழுவம் வரைக்கும் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு ஃபாதர் தொண்டையைக் கனைத்தபோதே, பிரசங்கம் இப்போதைக்கு முடியாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் அவன் தவிட்டைப் பார்த்து ஏங்க வேண்டும், அப்பன் வீட்டுச் சோற்றை நினைக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், கன்றுக்குட்டியை அடிக்க வேண்டும், மூத்தவன் வேறு பாக்கி, அவன் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இந்தக் கதை முடிந்ததே இல்லை. நடக்கட்டும். எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்லது. பிரசங்கம் முடிந்தால் காணிக்கை, காணிக்கை முடிந்தால் நற்கருணை, அது முடிந்தால் அறிவிப்பு, அறிவிப்பின் வாலில் ஓலை. அவள் பெண் ஆக்சிலியாவின் மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் பீடத்திலிருந்து வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊரையே கேட்பார்கள். அவளுக்கு நினைவு தெரிந்து இந்தப் பங்கில் ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார், கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டது, மைக் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆகவே ஓலையில் பயப்பட ஒன்றுமில்லை, பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு. புருஷன் லூர்துராஜ் குடும்பத்தில் அதுதான் வழக்கம். ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண் வரக்கூடாது, வந்தால் கண்பட்டுவிடும். முதல் ஓலைக்கும் இரண்டாவது ஓலைக்கும் ஆக்சி சாயந்திரப் பூசைக்குப் போய்வந்தாள், சமர்த்தாக. இன்றைக்குக் காலையில் ஜெசிந்தா சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது தலையெல்லாம் பின்னி, நீலச் சுடிதாரில் வந்து நின்றாள். “எங்கடி கிளம்பிட்ட?” “பூசைக்கு.” “இன்னிக்கு மூணாவது ஓலை. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்க.” “குதிக்கட்டும். மூணாவது தடவையாவது என் காதால கேக்கணும்.” “கேட்டு என்ன பண்ணப் போற?” இதற்கு ஒரு சிரிப்பு. சட்னியில் உப்புப் போட்டோமா இல்லையா என்று இந்த நிமிஷம் வரைக்கும் ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

இப்போது எங்கே இருக்கிறாள் பார். அம்மாவோடு அப்பாவோடு வந்து உட்காராமல், பீடத்துக்கு இடப்பக்கம், பாடகர் குழுவோடு. பாடகர் குழு என்றால் அந்த ஜெரால்டு. கீபோர்டுக்குப் பின்னால் தாடியும் தானுமாக உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். அவனுக்கும் ஆக்சிக்கும் ஆகாது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை என்று போனவள் திரும்பி வந்து, “அவன் கையை ஒடிக்கணும்” என்றாள். அவன் ஊரெல்லாம், “ஆக்சிலியா அக்கா இருந்தா நான் வாசிக்கறதா, அவங்க வாசிக்கறதா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்போது ஜெசிந்தாவுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அதுவே பயமாக இருக்கிறது. ஏனென்றால் அவள் படம் பார்த்தவள். முதல் ரீலில் சண்டை போட்டவர்கள் கடைசி ரீலில் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அக்கா என்கிறானே என்று பார்த்தால், அக்கா என்று கூப்பிடுவதெல்லாம் ஒரு தடுப்பா, பேப்பர் தடுப்பு. அவனுக்கு ஏற்கெனவே ஜெசிந்தா மேல் ஒரு வஞ்சம் உண்டு. கீபோர்டைச் சுருதி தப்பி வாசிக்கிறான் என்று ஜெசிந்தாதான் ஃபாதரிடம் போய்ப் புகார் கொடுத்தாள். ஒரு பாட்டா, இரண்டு பாட்டா, ஒவ்வொரு பாட்டிலும் அவள் ஒரு பக்கம் போகிறாள், அவன் ஒரு பக்கம் போகிறான். ஃபாதர் தாடையைத் தடவிக்கொண்டு, “பாக்கறேம்மா” என்றார். பார்க்கவே இல்லை. அந்தக் கோபத்துக்கு அவன் பெண்ணையே கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? ஓலையில், தடை தெரிந்தவர்கள் என்று வாசிக்கும்போது ஆக்சி எழுந்து நின்று, எனக்குத் தெரியும் ஃபாதர் என்றால்? இல்லை, அவள் நிற்க மாட்டாள், ஓடுவாள். பக்கவாட்டுக் கதவு பாடகர் குழுவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. திறந்துதான் இருக்கிறது. யார் திறந்தது?

பசி என்கிறார் ஃபாதர். பசிதான் அவனைத் திருப்பி அனுப்பியது. அதுதான் கதை! ஜெசிந்தாவுக்கு இந்த ஊதாரியைப் பற்றி ஆயிரம் குறை உண்டு, ஆனால் ஒன்றைச் சொல்ல முடியாது, காரணமில்லாமல் அவன் திரும்பி வரவில்லை. வயிறு காய்ந்தது, வந்தான். யாருக்கும் புரியும். இப்படி ஒரு கதையைச் சொல்லத் தெரியாமல்தான் யாரோ ஒரு வெள்ளைக்காரன், அவள் பள்ளிக்கூடத்தில் பார்த்த அந்தப் படத்தை எடுத்து வைத்தான். பேர் கூட அவளுக்கு நினைவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கான்வென்ட் ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, சிஸ்டர் யூஜினியா புரொஜெக்டரில் போடுவார், எப்போதும் அதே படம், ஏனென்றால் கான்வென்டில் இருந்ததே அந்த ஒரு பெட்டிதான். கதாநாயகி ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் மகள். கல்யாணத்துக்குக் கையுறை வாங்கப் போனவள் ரயிலை விட்டுவிடுவாள். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற ஒருத்தன் தன் வண்டியில் ஏற்றிக்கொள்வான். வண்டியில் ஒரு வாத்து இருக்கும். எதற்கு வாத்து என்று கேட்கக் கூடாது. அவளுக்குப் பாட வராது, ஆனால் பாடிக்கொண்டே இருப்பாள். அவனுக்கோ ஒரு சுரம் இடறினால் பல் கூசும், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவான். வழியெல்லாம் சண்டை. வாத்து ஓடும், அவள் துரத்துவாள், அவன் சேற்றில் விழுவான், பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் கடற்கரையில் ஒரு சத்திரம், மழை, கூடத்தில் பழைய பியானோ ஒன்று. அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வருவான், கதவைச் சாத்துவான். அவ்வளவுதான், சிஸ்டர் யூஜினியா ஒரு கையால் சத்தத்தைக் குறைத்து, இன்னொரு கையால் பாட்டுப் புத்தகத்தை எடுத்து லென்ஸுக்கு முன்னால் பிடித்துவிடுவார். திரையில் கறுப்பு. ஹாலில் இருட்டு. பெரிய வகுப்புப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வார்கள், சின்ன வகுப்புப் பெண்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். புத்தகத்தை எடுத்தால் விடிந்திருக்கும். அவள் சர்ச்சில் அந்தப் பணக்கார மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பாள், பாதிரியார் கேட்டதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவாள், சுருதிக்காரனிடம்! நேற்று வரைக்கும் அவன் தலையில் வாத்துத் தீவனத்தைக் கொட்டியவள்! ஏன்? “ஏன் சிஸ்டர் ஓடறா?” என்று எழுந்து கேட்டது ஜெசிந்தாதான். சிஸ்டர் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே, “பரிசுத்த ஆவியானவர் தூண்டினார், உட்கார்” என்றார். அன்றிலிருந்து இன்றைக்கு வரை அவளுக்கு அந்தப் படத்தின் மேல் தீராத கோபம். கதை என்றால் காரணம் வேண்டாமா? சீரியல் பார்க்கும்போது திட்டுவாள், நாவல் படிக்கும்போது திட்டுவாள், கொழுந்தனார் மகன் திடீரென்று மீசையை எடுத்துவிட்டு வந்தபோது கூட, “அந்த வாத்துப் படம் மாதிரி பண்றான்” என்றுதான் சொன்னாள்.

அப்படித் திட்டித் திட்டித்தான் வினை. நேற்று மத்தியானம் ஆக்சி போனை டிவியோடு மாட்டிக்கொண்டே, “அம்மா, உன் வாத்துப் படத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள். “வாத்து, பியானோ, சோப்புன்னு போட்டுத் தேடினேன், வந்துருச்சு.” லூர்துராஜும் வந்து உட்கார்ந்தார், கையில் வேர்க்கடலையோடு. அதே வண்டி, அதே வாத்து, அதே சேறு. ஜெசிந்தா அவ்வப்போது, “இதுக்கு என்ன காரணம்? சொல்லு, இதுக்கு என்ன காரணம்?” என்று கேட்டுக்கொண்டே பார்த்தாள். மழை வந்தது. சத்திரம் வந்தது. அவன் கதவைச் சாத்தினான். சாத்தினதும் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது, கால் தானாக எழுந்துவிட்டது. “பால் பொங்கிரும்” என்று சொல்லிக்கொண்டு போனாள். அடுப்பில் பால் இருந்தது உண்மை, அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்பதும் உண்மை. பற்றவைத்து, பொங்க வைத்து, இறக்கி வைத்துவிட்டு வந்தபோது திரையில் விடிந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்துச் சிஸ்டர் யூஜினியா கல்லறையிலிருந்து கையை நீட்டி, புத்தகத்தைப் பிடித்துவிட்டார். வெட்கக்கேடு. கேட்டிருக்கலாம், நடுவில் என்னடி வந்தது என்று. பெற்ற பெண்ணிடம், கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம், புருஷனை வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புக்குள் என்ன நடந்தது என்று எப்படிக் கேட்பது? ஆக்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தபடியே இருந்தாள். “அம்மா, நீ சொல்ற மாதிரி இல்லம்மா. சரியான காரணம் இருக்கு” என்றாள். காலையில் நீலச் சுடிதார்.

காணிக்கைத் தட்டு வந்தது, போனது. கன்றுக்குட்டியை எப்போது அடித்தார், மூத்தவனை எப்போது சமாதானப்படுத்தினார், எதுவும் காதில் விழவில்லை. ஜெசிந்தா முழங்காலில் இருந்தாள், பக்கத்தில் லூர்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி எல்லா நேரத்திலும் கண் மூடுகிறது. பெண்ணைப் பாருங்கள் என்று முழங்கையால் இடித்தால், “நல்லாத்தான இருக்கா?” என்பார். நல்லா இருப்பதுதான் பிரச்சினை என்று இவருக்கு எப்படிப் புரிய வைப்பது. மாப்பிள்ளை ரூபனுக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்களை ஆக்சி வேண்டாம் என்றபோது ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாள். ஒருத்தன் டீயை ஆற்றங்கரை மாடு மாதிரி உறிஞ்சினான். ஒருத்தனிடம் பொழுதுபோக்கு என்ன என்றதற்குத் தூங்கறது என்றான். ஒருத்தன் தன்னைப் பற்றியே, “மார்ட்டினுக்கு அதெல்லாம் பிடிக்காது” என்று பேசினான், மார்ட்டின் யார் என்று தேடினால் அவன்தான் மார்ட்டின். நியாயமான காரணங்கள். ஜெசிந்தாவே இரண்டு காரணம் சேர்த்துச் சொன்னாள். கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து இந்த ரூபன் வந்தான். பல் டாக்டர், காது இரண்டும் கதவு மாதிரி, வாயே திறக்கவில்லை, அடுத்தவன் வாயைப் பார்க்கிற வேலை என்பதாலோ என்னவோ. அவர்கள் வண்டி தெருமுனை தாண்டவில்லை, “சரிம்மா” என்றாள் ஆக்சி. “என்ன சரி?” “ரூபன் சரி.” “ஏன்?” “சரின்னு பட்டுச்சு.” “படறதுக்கு இது என்ன மருதாணியாடி? என்ன கண்ட அவன்கிட்ட?” அப்போது அவள் சொல்ல ஆரம்பித்தாள். அதுதான் இப்போது குத்துகிறது. “அம்மா, அவங்க வந்தப்ப ஒண்ணு நடந்துச்சு, நீ கவனிச்சியா” என்று ஆரம்பித்தாள். ஒண்ணு நடந்துச்சு! சிஸ்டர் யூஜினியாவிடம் படித்த பெண்ணுக்கு இந்த இரண்டு வார்த்தை போதாதா, கை தானாகப் புத்தகத்தைத் தேடாதா? “முதல்ல தட்டையெல்லாம் எடு” என்றாள் ஜெசிந்தா. ரெண்டு நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தாள், அப்போது ப்ளவுஸ் அளவு. அப்புறம் ஒரு தடவை, அப்போது மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியை எடு. அதற்கப்புறம் அவள் ஆரம்பிக்கவில்லை. ஆக, ஜெசிந்தாவும் தன் பெண்ணுக்கு ஒரு படம் ஓட்டியிருக்கிறாள், முக்கியமான இடத்தில் இருட்டு. இருட்டுக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல், இந்தப் பக்கம் சரிம்மா, அந்தப் பக்கம் ஓலை. காரணமில்லாமல் வந்த சரி, காரணமில்லாமல் போகவும் போகும். பக்கவாட்டுக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. ஜெரால்டு குனிந்து ஆக்சியிடம் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறாள்? செருப்பு வேறு போட்டிருக்கிறாள், ஹீல்ஸ் இல்லாத செருப்பு. ஓடுகிற செருப்பு.

நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஜெசிந்தா தன் இடத்துக்குப் போகவில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்துத் தூணில், மெழுகுவர்த்தி வைக்கிறவள் மாதிரி நின்றாள். பாடகர் குழு எப்போதும் கடைசியில்தான் வரும். ஆக்சி கை கூப்பிக்கொண்டு, கண் தாழ்த்திக்கொண்டு வந்தாள், ஜெசிந்தா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அந்த சீன்ல என்னடி வந்துச்சு?” “எந்த சீன்?” “நான் பாலைப் பாக்கப் போனேன்ல, அப்ப.” “அம்மா! நற்கருணை வாயில இருக்கு.” “முழுங்கிட்டுச் சொல்லு.” ஆக்சி முழுங்கினாள். அம்மாவைப் பார்த்தாள், பைத்தியத்தைப் பார்ப்பது போலவும் இருந்தது, குழந்தையைப் பார்ப்பது போலவும் இருந்தது. “ஒண்ணுமே வரலம்மா. அவ தனியா உக்காந்து பாடிட்டிருப்பா, கர்ணகொடூரமா. அவன் காதுல இருந்து பஞ்சை எடுத்துருவான். பியானோ மூடியைத் திறந்து, அவ தப்பாப் பாடறா பாரு, அந்தத் தப்புக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு கம்பியா இறக்குவான். அப்புறம் உக்காந்து வாசிப்பான். பாதிப் பாட்டுல அவளுக்குத் தெரிஞ்சிரும், நிறுத்திட்டு அவனையே பாப்பா. அவ்ளோதான்.” “முத்தம்?” “இல்ல.” “கையாவது புடிக்கிறானா?” “இல்லம்மா.” “இதுக்கா அந்தப் பொம்பள பாட்டுப் புத்தகத்தை வெச்சு மறைச்சா!” மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “மெதுவாம்மா. நான் ரூபனைப் பத்திச் சொல்ல வந்ததும் இதேதான். நீதான் விடல.” “அவனுக்கு ஏதுடி பியானோ?” ஆக்சி வாயைத் திறந்தாள், அதற்குள் கோயில் உபதேசியார் தூணுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, விரலை உதட்டில் வைத்தார். சிஸ்டர் யூஜினியாவின் வேலையைச் செய்ய எந்தக் காலத்திலும் ஓர் ஆள் இருக்கிறது. ஆக்சி போய்விட்டாள், கீபோர்டு பக்கமாக.

ஜெசிந்தா இடத்துக்கு வந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், பார்ப்பவர்களுக்குப் பக்தி. ரூபனுக்கு ஏது பியானோ. அன்றைக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கினார் அவன் மாமா. சாயந்திரம் ஆகிவிட்டது, பெண் பார்க்க வந்த இடமானாலும் ஜெபமாலை நேரம் ஜெபமாலைதானே, எல்லாரும் முழங்கால் போட்டார்கள். முடிவில் மாதா பாட்டு. விருந்தாளியை எடுத்துக் கொடுக்கச் சொல்வது மரியாதை, “தம்பி, நீங்க ஆரம்பிங்க” என்றார் லூர்துராஜ். தம்பி ஆரம்பித்தான். ஐயோ. அவ்வளவு நேரம் வாயைத் திறக்காததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது, தகரத்தை இழுத்துக்கொண்டு மாட்டுவண்டி போகிற மாதிரி. காது இரண்டும் சிவந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை, பிள்ளை அந்தச் சிவந்த காதோடு இரண்டாவது வரிக்குப் போனான். அப்போதுதான் ஆக்சி சேர்ந்துகொண்டாள். இந்தப் பங்கிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான், ஃபாதரே சொல்வார். அந்தக் குரல் அன்றைக்கு எங்கோ கீழே போய், இருட்டில் படி தேடுகிற மாதிரி தேடி, அவன் இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஜெசிந்தாவுக்கு மானம் போயிற்று. தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து, அவர்கள் போனதும் முதல் வேலையாக வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். “கொப்பளி.” அவளும் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே சிரித்தாள், அந்தச் சிரிப்போடுதான் சரிம்மா. இதுதானா? இவ்வளவுதானா? கண்ணெதிரே, ட்யூப்லைட் வெளிச்சத்தில், இத்தனை பேர் நடுவில் நடந்ததற்கா அவள் இத்தனை நாள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்? ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. அடுத்த மூச்சு பாதியில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் ஜெசிந்தா நிம்மதியோடு நிற்கிற பெண்பிள்ளை இல்லை. படத்தில் இறங்கியது யார்? அவன். கம்பியை இறக்கியது ஆண்பிள்ளை. இங்கே இறங்கியது யார்? அவள் பெற்ற பெண். அவன் தகரம் தகரமாகவே இருக்கும், இவள் காலம் பூராவும் தொண்டையை ஒடுக்கிக்கொண்டு அவன் பள்ளத்தில் போய்ப் பாட வேண்டுமா? இன்றைக்குப் பாட்டு, நாளைக்கு வேலையை விடு என்பான், அப்புறம் சிரிப்பைக் குறை என்பான். ஏன் இறங்கணும்? கடவுள் கொடுத்த குரலை வைத்துக்கொண்டு ஏன் என் பெண் இறங்கணும்?

அறிவிப்பு ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை திருமணி ஆராதனை, தையல் பயிற்சி, சைக்கிளை மாதா கெபிக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். அப்புறம் ஃபாதர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “திண்டுக்கல் பங்கைச் சேர்ந்த சூசைமாணிக்கம், ரீத்தம்மாள் ஆகியோரின் மகன் ரூபனும், நமது பங்கைச் சேர்ந்த லூர்துராஜ், ஜெசிந்தா ஆகியோரின் மகள் ஆக்சிலியாவும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இது மூன்றாவது ஓலை.” ஜெசிந்தா ஆக்சியைப் பார்த்தாள். ஆக்சி ஓடுகிறவள் மாதிரி இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் பேர் வாசிக்கப்படுவதை, பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெரால்டு கீபோர்டு மேல் இருந்த எறும்பை ஊதிக்கொண்டிருந்தான். “இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.” ஃபாதர் நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துகிற அளவுதான். அந்த அளவுக்குள் ஜெசிந்தாவின் முழங்கால் நிமிர்ந்தது. அவள் நிமிர்த்தவில்லை, அதுவாக, நேற்றுப் பாலுக்கு எழுந்த மாதிரியே எழுந்தது. ஏன் இறங்கணும் என்ற ஒரு வாக்கியம் நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்துவிட்டது, கைப்பிடிக் கட்டையைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டாள், முன் வரிசையில் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டார், பாடகர் குழுவில் ஆக்சியின் கண் இரண்டும் வட்டமாகிவிட்டது. ஃபாதரும் பார்த்தார். பெண்ணைப் பெற்றவளே! “என்ன ஜெசி?” என்று லூர்துராஜ் கண்ணைத் திறந்தார், இத்தனை நேரத்தில் முதல் தடவையாக. எழுந்தவள் நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், கோயில் முழுவதும் பார்க்க, “கால் மரத்துப் போச்சு” என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர், “ரெண்டு தட்டுத் தட்டும்மா, சரியாயிரும்” என்றார். ஃபாதர், “எழுந்து நிற்போம்” என்று சொல்லி, எல்லாரையும் எழுப்பி அவளைக் காப்பாற்றினார். ஆசீர் முடிந்தது. ஓலையும் முடிந்தது. ஒருத்தரும் ஓடவில்லை.

கடைசிப் பாட்டு மாதா பாட்டுதான், அன்றைக்கு ரூபன் தகரம் இழுத்த அதே பாட்டு. ஜெசிந்தா கோபத்தோடு பாடினாள். அவள் எப்போதுமே பலமாகப் பாடுகிறவள். கான்வென்ட் பாடகர் குழுவில் சிஸ்டர் யூஜினியா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நீ உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று சொன்னதே அதனால்தான், மற்ற பெண்களின் குரல் அமுங்கிவிடக்கூடாது அல்லவா. இன்றைக்கும் ஜெரால்டு ஒரு பக்கம் போனான், அவள் ஒரு பக்கம் போனாள். பக்கத்தில் லூர்துராஜ், பாவம், அவள் பக்கம். அவருக்கும் பாட வராது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அக்கா என்னவோ, எங்க தம்பி போர்டிங் பள்ளிக்கூடத்தில் தனிப்பாட்டு எல்லாம் பாடியிருக்கிறான் என்று அளந்தாள், வந்து பார்த்தால் இதுதான். பாத்ரூமில் பாடினால் மட்டும் மாடி வீட்டுக்காரி ரேடியோவா என்று கேட்பாள், பாத்ரூமில் யார் பாடினாலும் ரேடியோதான். பாடகர் குழுவுக்கு ஆள் இல்லை என்று ஃபாதரே கூப்பிட்டபோது கூட, “என் எடம் இங்க கீழதான் ஃபாதர்” என்று சொல்லிவிட்டார், தன் லட்சணம் தெரிந்த மனுஷன். இரண்டாவது அடியில் ஜெசிந்தா ஆக்சியைப் பார்த்தாள். ஆக்சி அம்மாவைப் பார்த்துப் பாதி பயத்தோடு சிரித்தாள். அவளையே பார்த்ததில் வரி நின்றுவிட்டது. நின்ற இடத்தில், வலது காதுக்குப் பக்கத்தில், லூர்துராஜ் பாடிக்கொண்டிருந்தார். கீபோர்டோடு. மயிரிழை விலகாமல், ஆக்சியின் குரலுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி ஓர் ஆண் குரல். யார் இது? ஜெசிந்தா மறுபடி பாட ஆரம்பித்தாள். குரல் போய்விட்டது. பழைய லூர்துராஜ் வந்துவிட்டார், அவள் பக்கத்தில், அவள் இருந்த இடத்தில். நிறுத்தினாள். ரேடியோ. பாடினாள். லூர்துராஜ். ஏறுவதும் இறங்குவதும் அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை, தெருவில் அவள் இந்தப் பக்கம் நடந்தால் அவர் வண்டி வருகிற பக்கம் மாறிக்கொள்வாரே, அந்த மாதிரி. கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை பூசை, எத்தனை ஜெபமாலை, எத்தனை பாட்டு, அவ்வளவிலும் இந்த மனுஷன் ஊர் முன்னால் சுருதி கெட்டவனாக நின்றிருக்கிறான். அவள்தான் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து, “உங்களால என் பாட்டும் கெட்டுது” என்று திட்டியிருக்கிறாள். திரும்பி அவரைப் பார்த்தாள். கஷ்டப்பட்டு இறங்குகிறவன் முகமா அது? கண்ணை மூடிக்கொண்டு, நேற்று வேர்க்கடலை தின்ற அதே முகம்.

“என்ன, நிறுத்திட்ட?” என்றார், கண்ணைத் திறக்காமல். “கால் மரத்துப் போச்சு” என்றாள். “பாட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?” “எல்லாத்துக்கும் காரணம் கேக்காதீங்க.” அங்கே ஆக்சி கண்டுபிடித்துவிட்டாள், அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெசிந்தா பாட்டுப் புத்தகத்தைத் தூக்கித் தன் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் முன்னால் அகலமாகப் பிடித்தாள், ஊர் பார்க்க வேண்டாம். புத்தகத்துக்குப் பின்னால் மூன்றாவது அடியை அவளே எடுத்தாள், தன் சுருதியில், முழுத் தொண்டையோடு. லூர்துராஜ் இறங்கி வந்தார். ஜெரால்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.